கைக்குள் அடங்கிய ஞாபகம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியிலே ஓர் அறிவித்தல் அடிக்கடி கேட்கும். பெற்றோரைப் பிரிந்த பிள்ளை ஒன்று இன்ன இடத்தில் நிற்கிறது, உரியவர்கள் வந்து அழைத்துச் செல்லுங்கள் என்பார்கள். அப்படி நிற்கும் பிள்ளையிடம் பெயருக்கு அடுத்ததாகக் கேட்கக்கூடியது தகப்பனின் தொலைபேசி இலக்கம். எத்தனை பிள்ளைகளின் வாயில் அது வரும்? பிள்ளைகளை விடுவோம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களாகிய நாம் கையடக்கத் தொலைபேசியைப் பாராமல் மனைவியின் அல்லது கணவனின் இலக்கத்தைப் பிழையின்றிச் சொல்வோமா? சொல்ல முடிந்தவர்கள் மகிழ்ச்சி அடையலாம். மற்றவர்கள் என்னுடன் சேர்ந்து இன்றைய விடயத்தைச் சற்றுச் சிந்திக்கலாம்.

கைக்குள் அடங்கும் இக்கருவியை நம்பி வாழ்வதனால் எமது நினைவாற்றல் குன்றுகிறதா?

கேள்வி புதியதன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ 'பைட்ரஸ்' என்னும் உரையாடல் நூலிலே ஒரு கதை சொல்கிறார். எகிப்திய தெய்வமாகிய தியூத் எழுத்தைக் கண்டுபிடித்து, இது ஞாபகத்துக்கு மருந்து என்று மன்னன் தாமுஸ் முன் வைக்கிறது. மன்னனோ இது மறதியையே வளர்க்கும், மனிதர் உள்ளே தேடுவதை விட்டு வெளியே உள்ள குறிகளை நம்பத் தொடங்குவர் என்று மறுத்துவிடுகிறான். இன்று தொலைபேசியைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் முறைப்பாடு ஏறத்தாழ இதுவேதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்துக்கு எதிரான அந்த வாதம் இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக எம்மிடம் வந்து சேர்ந்திருப்பதும் எழுத்தினால்தான்!

எங்கள் மரபிலே நினைவாற்றல் ஒரு கலையாகவே போற்றப்பட்டது. அவதானம் என்பது அதன் பெயர். ஒரே வேளையில் எட்டு விடயங்களில் கவனம் செலுத்துபவர் அட்டாவதானி, நூறு விடயங்களில் செலுத்துபவர் சதாவதானி. ஒருவர் முதுகிலே கல் எறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் மணி அடிப்பார், வேறொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். எல்லாம் முடிந்தபின் எத்தனை கல், எத்தனை மணி என்று எண்ணிக்கை சொல்லி வெண்பாவையும் பாடி முடிக்க வேண்டும். வடமராட்சி மேலைப்புலோலியிலே பிறந்து சென்னையில் புகழ்பெற்ற நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி என்றே அழைக்கப்பட்டவர். திரு.வி.க. அவரிடம் தமிழ் கற்றவர். கதிரைவேற்பிள்ளை மறைந்த அதே 1907ஆம் ஆண்டில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்ரோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார்.

இவற்றைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது எங்கள் ஆசிரிய உலகின் வழக்கம். நான் அதில் முழுமனதுடன் சேர்ந்துகொள்வதில்லை. அவதானிகள் அன்றும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அன்றி, நினைவும் பிழை விடும். எங்கள் பழைய நூல்களிலே மலிந்து கிடக்கும் பாடபேதங்களில் ஒரு பகுதி ஏடெழுதியோர் கைப்பிழை என்றால், இன்னொரு பகுதி வாய்வழி வந்தோரின் நினைவுப் பிழை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி அலைந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது, யாரோ அதனைப் பாடமாக்கி வைத்திருப்பார் என்று நம்பி இருக்க முடியாமையால்தானே? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் எத்தனையை எந்த நினைவாற்றலாலே மீட்க முடிந்தது? 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்திலே இன்று ஒரு மாணவன் தன் கையடக்கத் தொலைபேசியில் ஈழத்துப் பழைய சஞ்சிகை ஒன்றைத் திறந்து வாசிக்கிறான் என்றால், அந்தக் கருவியை ஞாபகத்தின் பகைவன் என்று எப்படி ஒரேயடியாகச் சொல்வது?

இனி, ஆய்வாளர் கண்டதைப் பார்ப்போம். 2011இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்சி ஸ்பரோவும் அவரது சகாக்களும் மாணவர் சிலரிடம் சிறு சிறு செய்திகளைக் கொடுத்துக் கணினியில் தட்டச்சுச் செய்யச் சொன்னார்கள். இது கணினியில் இருக்கும் என்று ஒரு சாராருக்கும், அழிந்துவிடும் என்று மறு சாராருக்கும் கூறப்பட்டது. அழிந்துவிடும் என்று நம்பியவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். இன்னொரு பரிசோதனையில், செய்தியைவிட அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதே நன்கு நினைவில் நின்றது. இந்த ஆய்வைத் தூக்கிப் பிடித்து 'கூகுள் மூளையை அழிக்கிறது' என்று எழுதியோர் பலர். அதே ஆய்வின் முதற் பரிசோதனையை 2018இல் வேறொரு குழுவினர் மீளச் செய்தபோது அதே பெறுபேறு கிட்டவில்லை என்பதை அவர்களுட் பலர் எழுதவில்லை. இலண்டன் டாக்ஸிச் சாரதிகள் ஆயிரக்கணக்கான வீதிகளைப் பாடமாக்குவதால் அவர்களது மூளையின் ஒரு பகுதி பருத்திருந்தது என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. வழிகாட்டிக் கருவியை நம்பி வாகனம் ஓட்டுவோருக்கு வழி நினைவு குறைகிறது என்று 2020இல் கனடாவிலிருந்து இன்னோர் ஆய்வு கூறியது. அதில் மூன்று ஆண்டின் பின்னர் மீளச் சோதிக்கப்பட்டோர் பதின்மூன்று பேர் மட்டுமே. ஆதலால் கருவி மூளையைக் கெடுத்துவிட்டது என்று தீர்ப்பெழுத எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம்பியதை மனம் சுமக்க விரும்புவதில்லை.

வகுப்பறையிலே இதனை நாள்தோறும் காணலாம். 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் வழியே குறிப்புகளை அனுப்பினோம். வேறு வழி இருக்கவில்லை. பாடசாலைகள் திறந்தபின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரியூசன் கொட்டில்களிலே கரும்பலகை நிறைய எழுதி முடித்ததும் பத்துக் கைகள் தொலைபேசியுடன் உயர்கின்றன. படம் எடுத்தாயிற்று, பாடம் முடிந்தாயிற்று! லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கு பொருந்தும். அரும்பொருட்காட்சியகத்திலே படம் எடுத்துச் சென்றவர்கள், வெறுமனே பார்த்துச் சென்றவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருக்கமாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. கண்ணும் மனமும் பொருளில் நின்றதே காரணம் எனலாம். அப்படியாயின் கருவியின்மேல் முழுப்பழியையும் போட முடியாது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணவன் கற்கும் முறையை வகுக்கும்போது ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்கூறு. உடன் கற்போருடன் பயில்வதால் இன்னொரு காற்கூறு. எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைகிறது. இதனை வெறும் மனனக் கல்வி என்று எள்ளி நகையாடுவோர் 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் செய்த பரிசோதனையை அறிந்திருக்க வேண்டும். ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முன்னணியில் நின்றார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது, பந்தியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னணியில் நின்றார்கள். உள்ளிருந்து எடுக்க எடுக்கத்தான் நினைவு உறுதிப்படும். எடுத்துரைக்கும் மாணவனுக்கு நடப்பதும் அதுவேயன்றோ?

தொலைபேசி எங்களிடமிருந்து பறிப்பது இந்த எடுக்கும் முயற்சியைத்தான். ஒரு புலவரின் பெயர் நாவின் நுனியில் நிற்கிறது. பத்து விநாடி பொறுத்தால் வந்துவிடும். பொறுப்பதில்லை. விரல் தொலைபேசிக்குப் போகிறது.

தமிழ் ஆசிரியன் என்ற வகையில் என்னை உறுத்துவது இன்னொன்று. தேடுபொறி கேட்டதற்கே பதில் தரும். கேட்கத் தெரியாததற்குத் தராது. கம்பனின் ஒரு செய்யுளை வாசிக்கும்போது அதனுள்ளே ஒரு குறள் மறைந்து நிற்பதை உணர வேண்டுமானால் அந்தக் குறள் முன்னரே மனத்திற் கிடக்க வேண்டும். கிடந்தால் அது தானாக எழுந்து வந்து ஒலிக்கும். கிடக்காவிட்டால் மாணவன் அந்த வரியைக் கடந்து போவான். ஏதோ ஒன்றைத் தவறவிட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. உயர்தர வகுப்பிலே நயம் எழுதச் சொன்னால் வழிகாட்டிப் புத்தகத்து வசனங்களே கொப்பிக்குக் கொப்பி ஒரே மாதிரி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஆகவே எல்லாவற்றையும் பாடமாக்குங்கள் என்று நான் பிள்ளைகளை வருத்துவதில்லை. பேருந்து நேரம், மருந்து வேளை, மின்கட்டணக் கணக்கு ஆகியவற்றைக் கருவி தாராளமாக வைத்திருக்கட்டும். வயது முதிர்ந்தவர்களுக்கு அது பெரும் உபகாரம். எனது வகுப்பிலே கேட்பது மூன்றே விடயங்கள். வீட்டார் மூவரின் தொலைபேசி இலக்கம் வாயில் இருக்க வேண்டும். கரும்பலகையைப் படம் எடுப்பவர் அன்றிரவே படத்தைப் பாராமல் அதனை எழுதிப் பார்த்து, பிறகு படத்தோடு ஒப்பிட வேண்டும். மாதம் ஒரு செய்யுளைக் கீழ் வகுப்புக்குப் போய்க் கொப்பி இல்லாமற் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் முணுமுணுப்பு அதிகம். ஆயினும் கீழ் வகுப்புச் சின்னவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்து, எங்கள் பெரிய பிள்ளைகள் இப்போது அரும்பத உரையையும் சேர்த்தே படித்துக்கொண்டு போகிறார்கள்.