பேருந்தில் மூணாறு காண்போம்

மலைவளம் காணச் சொந்த மோட்டார் வாகனம் வேண்டும் என எண்ணுவோர் நம்மிடையே உளர். அந்தத் தயக்கம் வேண்டுவதில்லை. இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், ஊர் சுற்றிக் காண்பதற்கென்றே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021ஆம் ஆண்டில் பேருந்து விடத் தொடங்கியது.

முத்திரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலின் மூணாறு எனப் பெயர் பெற்றது. அங்கிருந்து மாட்டுப்பட்டி அணையையும் குண்டளை ஏரியையும் கடந்து, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷனை அடைகிறோம். இப்பெயர் எவ்வாறு வந்தது? முன்னாளில் மூணாற்றுத் தேயிலை சிறு இரயிலில் இவ்விடம் வந்து, கம்பிவடத்தின் வழியே போடிநாயக்கனூர்ப் பக்கத்து அடிவாரத்திற்கு இறங்கிற்று. மேலிருந்த நிலையமே டாப் ஸ்டேஷன். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இரயில் பாதையை அழித்தது. பெயர் மட்டும் நின்றது.

சாளரத்தின் வழியே நாம் காணும் பசுமை முழுவதும் இயற்கை தந்ததன்று. காடு திருத்தித் தேயிலை நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தோரின் உழைப்பு அது. அவருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து மலையேறியவர். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் மாண்டனர். நாம் ஒரு பகல் கண்டு மகிழும் இச்சரிவுகளில்தான் அவர்கள் மழைக்கால இரவுகளைக் கழிக்கின்றனர்.

ஆகவே, மலையைக் காணச் செல்லும் நாம் அம்மக்களையும் காண்போம். அவர்கள் நாள்தோறும் ஏறும் சாதாரணப் பேருந்தில் ஒரு முறையேனும் உடன் அமர்ந்து, நலம் உசாவி வருவோம்.