அரைப்பேரும் முழுக்கதையும்



இலக்கியம் என்றதும் அச்சிட்ட நூலே நம் நினைவுக்கு வருகின்றது. அச்சேறாத, ஏட்டிலும் ஏறாத, சொன்னவரோடு மறைந்துபோகின்ற ஓர் இலக்கியத்தைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் தம் வாழ்க்கையைத் தம் வாயாலேயே எடுத்துரைக்கும் கதை அது. அதைக் கேட்டு, பதிவுசெய்து, பேணிவைக்கும் துறைக்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். நம் நாட்டு மலையகத் தமிழ் மக்களை முன்வைத்தே இதனை நோக்க எண்ணுகின்றேன்.

தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்று ஒரு சொல் வழங்குகின்றது. அங்கே அது ஒருவரின் நாமத்தை மட்டும் குறிப்பதன்று. ஒரு நாள் வேலையையும் குறிக்கும். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதரின் பேரைப் பாதியாக்கிக் கணக்கில் எழுதலாம் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகின்றது.

தோட்டத்தைப் பற்றிய எழுத்துக்குக் குறைவே இல்லை. செக்ரோல் உண்டு. கங்காணிமாரின் கடன் கணக்கு உண்டு. துரைமாரின் கடிதங்களும் அரசாங்க அறிக்கைகளும் உண்டு. எத்தனை பேர் வந்து இறங்கினர், எத்தனை பேர் திரும்பிப் போயினர், எத்தனை இறாத்தல் கொழுந்து வந்தது என்பனவெல்லாம் அவற்றில் இருக்கின்றன. வந்தவர் புறப்பட்ட அன்று வீட்டு வாசலில் நின்றவர் யார், எந்தச் சொல்லை நம்பி அவர் கப்பலேறினார், லயத்து அறையில் கழிந்த முதல் இரவு எப்படி இருந்தது என்பன அவற்றில் இல்லை. எண்ணப்பட்ட மக்கள் அவர்கள். கேட்கப்பட்ட மக்கள் அல்லர்.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் கோப்பிச் செடியை நோய் தாக்கியது. அதன்பின் தேயிலை பரவியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய பயிர் ஆதலால் வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் விதியைக் கணக்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். இங்கேயும் மனிதர் அரைப்பேர் ஆயினர்.

இந்த மக்கள் பாடாதிருக்கவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் அவர்களிடம் நிறைய உண்டு. அவற்றைத் தேடித் தொகுத்த பெருமை ஸி. வி. வேலுப்பிள்ளைக்கு உரியது. அவருடைய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ போன்ற சிறுகதைத் தொகுதிகள் தோட்ட வாழ்வை உள்ளிருந்து காட்டின. அவ்வாறாயின், வாழ்க்கைக் கதையைத் தனியே பதிவதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். நாட்டார் பாடல் பலரின் வாயில் புரண்டு ஒரு பொதுக் குரலாகிவிடுகின்றது. சிறுகதை எழுத்தாளரின் குரல். இன்னாருடைய மகள், இன்ன லயத்தில், இன்ன நாளில் பட்டது இது என்று சொல்லும் குரல் இவ்விரண்டிலும் அகப்படாது.

வாய்மொழி வரலாறு ஒரு கல்வித்துறையாகக் காலூன்றியது அண்மையிலேதான். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அலன் நெவின்ஸ் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். மலையக மக்கள் பிரசாவுரிமையை இழந்ததும் அதே ஆண்டில்தான்.

நினைவு பிழைபடும், ஆதலால் அதனை வரலாறாகக் கொள்ளலாகாது என்பது இத்துறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதன்மையான வாதம். இதற்கு இத்தாலிய ஆய்வாளர் அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி நல்ல விடை தந்துள்ளார். தெர்னி என்ற உருக்காலை நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளி 1949 மார்ச்சில், இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தின்போது பொலிஸாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துப் போர்ட்டெல்லி அவ்வூர்த் தொழிலாளரிடம் கேட்டபோது, பலர் அச்சாவை 1953இல், ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கப்பட்ட போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். ஆண்டு பிழை. ஆனால் அப்பிழைதான் அவர்கள் மனத்தில் எது பெரிய காயம் என்பதைக் காட்டிற்று. பிழையைத் தள்ளிவிடாது, அது ஏன் வந்தது என்று கேட்டதே போர்ட்டெல்லியின் சிறப்பு.

இதற்கு நிகரான ஒன்றை நான் வன்னியில் கேட்டிருக்கின்றேன். 1977 வன்செயலின் பின்னர் தோட்டத்தை விட்டு அங்கு வந்து குடியேறிய மூதாட்டி ஒருவர், சாஸ்திரி தங்கள் லயத்துக்கே வந்து பேர் எழுதிக்கொண்டு போனதாகவும், அன்றிலிருந்து தன் அக்காவைக் காணவில்லை என்றும் சொன்னார். ஒப்பந்தம் கைச்சாத்தானது புதுடில்லியில். சாஸ்திரி 1966 சனவரியிலேயே காலமாகிவிட்டார். ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல்தான் நிறைவேறியது. ஆகவே அவர் வந்திருக்க முடியாது. வந்தவர் யாரோ ஓர் எழுதுவினைஞர். ஆயினும் அக்கா அக்கரைக்கும் தங்கை இக்கரைக்கும் என்று ஒரு குடும்பத்தைப் பிரித்த செயலுக்கு யாரோ ஒரு பெரியவர் நேரில் வந்து பொறுப்பேற்றிருக்க வேண்டும் என்று அந்த மனம் எதிர்பார்க்கின்றது. வராதவரை அது வரவழைத்துவிட்டது. இந்த உண்மை எந்த அறிக்கையில் கிடைக்கும்?

ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். உயர்தர வகுப்பு மாணவரிடம், வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரின் கதையைக் கேட்டு எழுதிவருமாறு சொல்வதுண்டு. மலையகப் பூர்வீகம் கொண்ட ஒரு மாணவி முதலில் ‘அம்மாயி’ என்று எழுதி, அதை வெட்டிவிட்டு ‘அம்மம்மா’ என்று எழுதியிருந்தாள். ‘பெரட்டுக்களம்’ என்று பாட்டி சொன்னது ‘பணியாளர் ஒன்றுகூடும் இடம்’ ஆகியிருந்தது. அவளைக் குறைகூற நான் வரவில்லை. தோட்டக்காட்டார் என்ற ஏளனத்துக்கு அஞ்சியே அந்தப் பேனா வெட்டியது. அந்த ஏளனத்தை வளர்த்ததில் வடக்கில் வாழும் நமக்கும் பங்குண்டு. பெரட்டு, லயம், கங்காணி, துண்டு, கைக்காசு ஆகிய ஒவ்வொரு சொல்லும் ஒரு வரலாற்றுச் சான்று. அவற்றைத் திருத்தி எழுதினால் கதை இருக்கும்; சொன்னவர் இருக்கமாட்டார். அந்த மாணவி மறுபடி எழுதிவந்தபோது அம்மாயி அம்மாயியாகவே இருந்தார். வகுப்பில் அதனை அவளே உரத்து வாசித்தாள்.

இம்முயற்சியில் இறங்குவோர் சிலவற்றை மனங்கொள்ள வேண்டும். கேள்விப் பட்டியலை நீட்டி வைத்துக்கொண்டு விசாரணைபோலக் கேட்கலாகாது. காகிதத்தோடு வந்து பேர் கேட்டவர்களால் பட்ட மக்கள் அவர்கள். “எப்ப வந்தீங்க?” என்பதைவிட, “வரும்போது கையில என்ன கொண்டு வந்தீங்க?” என்ற கேள்வி கதையைத் திறக்கும். அவர் மௌனமானால் காத்திருக்க வேண்டும். சாதி, கடன், பெண்கள் மலையில் பட்ட அவமானம் ஆகியவை மௌனத்துள்ளே இருப்பவை. அவற்றைச் சொல்வதும் சொல்லாது விடுவதும் அவருடைய உரிமை. பதிவதற்கு முன் அனுமதி பெறவேண்டும். வெளியிடுவதற்கு முன் மீண்டும் பெறவேண்டும். ஒரு பிரதி அந்தக் குடும்பத்திடம் சேரவேண்டும். கதையை வாங்கிக்கொண்டு போய் மறைந்துவிடுபவர் ஆள்கட்டியைவிட எவ்வகையில் மேலானவர்?

பேணுவதற்கு இடமும் இன்றுண்டு. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் பழைய பொருள்களையும் ஆவணங்களையும் காத்து வருகின்றது. நூலக நிறுவனம் நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிம முறையில் ஆவணப்படுத்துகின்றது. ஒருகாலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து செல்லவேண்டியிருந்தது. இப்போது மாணவர் கையிலுள்ள தொலைபேசியே போதும்.

இந்தக் கதை ஒரு கரையோடு முடிவதன்று. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டோர் தலைமன்னாரிலிருந்து கடல் கடந்து மண்டபம் முகாமுக்குச் சென்றனர். அவர்களுக்கென்று 1968இல் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. தாயகம் திரும்பியோர் என்று காகிதம் சொன்னது; அயலவரோ சிலோன்காரர் என்றனர். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். கோத்தகிரியில் இருக்கும் அக்காவின் கதையையும் கிளிநொச்சியில் இருக்கும் தங்கையின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு குடும்பத்தின் வரலாறு முழுமையாகும்.

2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே பலர் நடந்தனர். அந்த நடை தேவையான நடை. ஆனால் முதலில் நடந்தவர்களின் குரல் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளின் குரலும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. 1964இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டனர். அவர்களுக்குச் செவிசாய்க்க நமக்கு எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருப்பாராயின், இந்த விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது அவர் அருகில் அமருங்கள். நீங்கள் பேசாதீர்கள், அவரைப் பேசவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவருடைய பேரை, அவர் வாயாலேயே, முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள்.