மைதானத்திலும் பிள்ளைகள் அமானிதமே

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பம் செய்கின்றேன்.

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் எமது பிள்ளைகளின் விளையாட்டு. மார்க்க உரையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அஸர் தொழுகை முடிந்து மஃரிபுடைய பாங்கு ஒலிக்கும் வரை மடவளையில் எமது ஆண் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பந்து உருளும் இடத்தில்தான் நிற்கிறார்கள். 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பல்லேகலை சர்வதேச கிரிக்கெட் மைதானம் எமக்கு அயலிலேயே இருக்கிறது. கண்டியோ றக்பி விளையாட்டுக்குப் பெயர்போன நகரம். கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் கற்று, கண்டி விளையாட்டுக் கழகத்துக்காக ஆடி, இலங்கைத் தேசிய றக்பி அணிக்குத் தலைமை தாங்கிய பாஸில் மரீஜா போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எமது பிள்ளைகள். அவர்கள் விளையாட விரும்புவதில் வியப்பில்லை, தவறும் இல்லை.

பலமான முஃமின் பலவீனமான முஃமினை விட அல்லாஹ்விடத்தில் சிறந்தவர், மிக விருப்பத்துக்குரியவர். ஆயினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அருளிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அன்னை ஆஇஷா (ரழி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் போட்டியில் ஓடியதையும், பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளால் விளையாடியபோது அதனைப் பார்த்து நின்றதையும் நாம் அறிவோம். எனவே விளையாடலாமா, கூடாதா என்ற கேள்வியை இன்று நான் எழுப்பவில்லை. எவ்வாறு விளையாட வைப்பது என்பதே எமது கேள்வி.

நேயர்களே! 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டமொன்றில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் திடீர் சுகயீனமுற்று உயிரிழந்தார். நாட்டில் கடும் வெப்பம் நிலவிய நாட்கள் அவை. காலையில் ஓடப் போன மகன் வீடு திரும்பாத துயரத்தை ஒரு தாய் சுமந்தாள். எவர் மீதும் பழி சுமத்துவதற்காக இதனை நினைவூட்டவில்லை. இத்தகைய நிகழ்வுகளின்போது எம்மில் பலர் "உயிர் அல்லாஹ்வின் கையில்" என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். அந்த வார்த்தை உண்மையானது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். உங்களை நீங்களே அழிவின்பால் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தில் அல்குர்ஆன் எம்மை எச்சரிக்கிறது. கவனக்குறைவுக்குக் கத்ரைச் சாட்டாகக் கொள்ள எமக்கு அனுமதி இல்லை.

இவ்விடயத்தில் எனக்கு மிகப் பெரும் பாடமாக அமைந்த ஒரு ஹதீஸை உங்கள் முன் வைக்கிறேன். இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். முறையாகப் பயிற்றப்பட்டு மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டத்தை வகுத்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் தூரம் என்று அறிவிப்பாளர்களுள் ஒருவர் விளக்குகிறார். அவ்வாறு பயிற்றப்படாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையே வகுத்தார்கள். அது ஒரு மைல் மாத்திரமே.

சிந்தியுங்கள்! ஒரே ஊர், ஒரே பந்தயம், இரண்டு தூரங்கள். வாய் பேசாத பிராணிக்கே அதன் தயார்நிலையைப் பார்த்துத் தூரம் அளந்து கொடுத்தார்கள் எங்கள் தலைவர். அந்தப் பந்தயத்தில் தாமும் கலந்துகொண்டதாகக் கூறும் இதே இப்னு உமர் (ரழி) அவர்கள், உஹதின்போது பதினான்கு வயதினராக முன்வந்தபோது நபியவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது பதினைந்து வயதில் அனுமதித்தார்கள். ஆர்வம் அவரிடம் முன்னரும் இருந்தது. ஆனால் ஆர்வத்தை மட்டும் நபியவர்கள் அளவுகோலாகக் கொள்ளவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? ஆண்டு முழுதும் ஓடாத பிள்ளையை இல்ல விளையாட்டுப் போட்டி வந்ததும் ஒரே நாளில் பல கிலோமீற்றர் ஓட அனுப்புகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பதினேழு வயதினரோடு மோத விடுகிறோம். பிள்ளைக்கேற்ப விளையாட்டை அளப்பதற்குப் பதிலாக, எமது ஆசைக்கேற்பப் பிள்ளையை நீட்டப் பார்க்கிறோம்.

அன்பர்களே! இதனை மற்றவர்களைச் சுட்டி மட்டும் நான் சொல்லவில்லை. எனது குறையையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை எனது மூத்த மகன் உதைபந்தாடிக்கொண்டிருந்தபோது மற்றொரு சிறுவனுடன் தலையோடு தலை மோதி விழுந்தான். எல்லைக்கோட்டருகே நின்ற என்னிடம் வந்து, "வாப்பா, தல சுத்துது" என்றான். ஆட்டம் முடிய இன்னும் சிறிது நேரமே இருந்தது. "ஒண்டுமில்ல மகன், போய் விளையாடுங்க" என்றேன். அவன் போய் விளையாடினான். அன்றிரவு வாந்தி எடுத்தான். வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். அடிபட்ட பின்னர் எவ்வளவு நேரம் விளையாடினார் என்று வைத்தியர் வினவினார். நான் தலை குனிந்து நின்றேன். அல்ஹம்துலில்லாஹ், அவதானிப்பில் வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள், மகன் நலமடைந்தான். பின்னொரு நாள், ஏன் தொடர்ந்து விளையாடினீர்கள் என்று கேட்டேன். "வாப்பா பாத்துக்கொண்டு நிண்டீங்களே" என்றான். மிம்பரில் அமானிதம் பற்றிப் பேசும் எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஆகவே பெற்றோரும் பயிற்றுவிப்பாளர்களும் இளைஞர்களும் மனதிற் கொள்ள வேண்டிய சில விடயங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, தலை. மோதலின் பின்னர் தலைச்சுற்று, தலைவலி, தடுமாற்றம், மறதி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் பிள்ளை அன்று மீண்டும் மைதானத்துக்குள் செல்லலாகாது. நினைவிழந்தால்தான் ஆபத்து என்று எண்ணுவது பிழை. வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வழமைக்கு மாறான தூக்கம் காணப்பட்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வைத்தியரின் அனுமதியுடன் படிப்படியாகவே விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். றக்பி, உதைபந்தாட்டம் இரண்டுக்கும் இது பொருந்தும். கடினப் பந்து கிரிக்கெட்டில் தலைக்கவசமின்றித் துடுப்பெடுத்தாட விடாதீர்கள்.

இரண்டாவது, வெப்பம். இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதலாம் தவணையில் நடைபெறுகின்றன. வெயிலின் கடுமையும் அக்காலத்திலேயே கூடுகிறது. கண்டி மலைநாடு, இங்கே வெப்பம் தாக்காது என்று எண்ணிவிடாதீர்கள். நீண்ட ஓட்டங்களை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு முன்னரிருந்தே சிறிது சிறிதாகப் பழக்குங்கள். இடையிடையே நீர் அருந்தச் செய்யுங்கள். காய்ச்சல் உள்ள பிள்ளையை எக்காரணம் கொண்டும் ஓட விடாதீர்கள். ஓடும் பிள்ளை தள்ளாடினால், பிதற்றினால், மயங்கினால் நிழலுக்குக் கொண்டு சென்று, மேலதிக ஆடையைக் களைந்து, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்பியூலன்ஸை வரவழையுங்கள்.

அண்மைய ஆண்டுகளில் இதே காலப்பகுதியில் றமழானும் வருகிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை. ஏனைய பாடசாலைகளிலும் கழகங்களிலும் உள்ள எமது பிள்ளைகள் நோன்புடன் பயிற்சிக்குச் செல்கிறார்கள். பயிற்றுவிப்பாளரைச் சந்தித்துக் கண்ணியமாக விளக்குங்கள். கடும் பயிற்சியை இரவுக்கு மாற்றலாம், அல்லது இலகுவாக்கலாம். நோன்பை மறைத்துக்கொண்டு வெயிலில் ஓடும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது, இடி மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடியுடன் மழை பெய்வது எமது பிரதேசத்தின் வழமை. அது எமது பிள்ளைகள் விளையாடும் நேரமாகும். மழையில் பந்து உதைப்பது இன்பம்தான். ஆனால் இடி முழக்கம் கேட்டவுடன் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். தனி மரத்தின் கீழ் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி முழக்கத்தின் பின்னர் 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

நான்காவது, முதலுதவி. 2021 ஜூன் மாதம் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்திலேயே சரிந்தார். அருகிலிருந்தோர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ததாலும், இதயத்தை மீள இயக்கும் கருவி இருந்ததாலும் அல்லாஹ்வின் நாட்டத்தால் பிழைத்தார். ஒவ்வொரு கழகத்திலும் இதனைப் பயின்ற இருவராவது இருக்க வேண்டாமா? செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்பியூலன்ஸ் போன்ற அமைப்புகள் இப்பயிற்சியை அளிக்கின்றன. இளைஞர்களே! ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் யாவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்ற இறைவாக்கின் கருத்தை இதிலே தேடிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மனிதர்கள். பிள்ளையைப் பயிற்றுவிப்பவர் யார், எங்கே அழைத்துச் செல்கிறார், யாருடன் தங்க வைக்கிறார் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நல்ல பயிற்றுவிப்பாளர் பெற்றோரின் வருகையை வெறுக்கமாட்டார். பிள்ளை திடீரெனப் பயிற்சிக்குப் போக மறுத்தால், ஏசுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். அடித்தல், இழிவுபடுத்தல், தகாத தொடுகை எதனையும் பிள்ளை தயக்கமின்றிச் சொல்லும் வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். குடும்ப மானம் கருதி மூடி மறைப்பது அநீதிக்குத் துணைபோவதாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இதற்காகவே இருக்கிறது. அவ்வாறே, உடலைப் பெருக்க யாரேனும் தரும் மாத்திரையையோ ஊசியையோ தொடவேண்டாம் என்று வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது உடலுக்கும் கேடு, போட்டியில் மோசடியுமாகும்.

நேயர்களே! பாதுகாப்பைப் போன்றே மகிழ்ச்சியும் பிள்ளையின் உரிமை. வெளியே நின்று சத்தமிடும் தந்தையரை நான் காண்கிறேன். பிடி நழுவினால் ஏச்சு, தோற்றால் வீடு வரும் வரை மௌனம். ஒருமுறை அம்பெய்து கொண்டிருந்த அஸ்லம் கோத்திரத்தாரைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஒரு பிரிவினருடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு பிரிவினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். நபியவர்கள் எதிரணியில் இருக்க எவ்வாறு எய்வது என்று அவர்கள் தயங்கியபோது, எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். பார்வையாளராக நிற்கும் பெற்றோருக்கு இதைவிட அழகிய முன்மாதிரி உண்டா? அடுத்த அணியின் பிள்ளையும் ஒரு தாயின் பிள்ளையே. அவன் முஸ்லிமாக இருந்தாலும் சிங்கள, தமிழ் சகோதரரின் மகனாக இருந்தாலும், நல்ல ஆட்டத்துக்குக் கை கொடுங்கள். எமது பிள்ளைகள் பிற சமூகத்துப் பிள்ளைகளோடு தோள் உரசிப் பழகும் இடங்களுள் மைதானமும் ஒன்று.

தோல்வியைத் தாங்கவும் கற்பியுங்கள். எவராலும் முந்த முடியாதிருந்த நபியவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தை ஒரு நாட்டுப்புற அரபி தனது இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு அது கவலையளித்தது. இவ்வுலகில் உயரும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது விதித்துக்கொண்டது என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். அன்னாரின் ஒட்டகமே தோற்றிருக்க, எங்கள் மகன் ஓர் ஆட்டத்தில் தோற்பது இழிவாகுமா?

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். ஓட்டமும் உடற்பயிற்சியும் அவர்களது ஆரோக்கியத்துக்கும் தேவை. மார்க்க வரம்பு பேணும் ஆடையும் தனியான இடமும் ஒழுங்கு செய்து கொடுப்பது எமது பொறுப்பு. ஒழுங்கு செய்யாமல் தடுப்பது மட்டும் பொறுப்பாகிவிடாது.

இறுதியாக, நேரம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த இளைஞரான அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உமது உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திலேயே உடலின் உரிமை பேணப்படுமாயின், விளையாட்டில் அது எவ்வளவு பேணப்பட வேண்டும்! வளரும் எலும்புகளுக்கு வாரத்தில் ஓரிரு நாளேனும் ஓய்வு கொடுங்கள். அஸரைத் தொழுதுவிட்டு மைதானத்துக்குச் செல்லுங்கள். மஃரிபுக்கு முன் திரும்புங்கள். இருள் சூழும் வேளையில் சிறுவர்களை வீட்டில் தடுத்துக்கொள்ளுமாறு நபிமொழியும் எமக்கு வழிகாட்டுகிறது.

அன்புள்ள பெற்றோரே! இன்று மாலை மகன் வீடு திரும்பியதும், வென்றீர்களா என்று கேட்பதற்கு முன், எங்கேயாவது நோகிறதா, சந்தோஷமாக விளையாடினீர்களா என்று கேளுங்கள். அருமைப் பிள்ளைகளே! நோவை மறைக்காமல் உம்மாவிடமும் வாப்பாவிடமும் சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனமன்று, உங்கள் உடல் என்ற அமானிதத்துக்கு நீங்கள் செலுத்தும் கடமையாகும்.

வல்ல அல்லாஹ் எமது பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் ஈமானிய பலத்தையும் தந்தருள்வானாக! எமது கவனக்குறைவுகளை மன்னிப்பானாக! பிள்ளைகளை இழந்து வாடும் பெற்றோரின் உள்ளங்களுக்கு ஆறுதலை வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹூ.