வண்ணத்தின் ஓரம்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பெயிண்டர் காகித டேப் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் அதை உரித்தெடுப்பார். கண்ணாடியில் ஒரு சொட்டுகூடப் பட்டிருக்காது. விமானங்களையும் டாங்கிகளையும் அளவு குறைத்துப் பிளாஸ்டிக்கில் கட்டி வண்ணம் பூசுகிற மாதிரிக் கலைஞர்களுக்கும் அந்த மாஸ்கிங் டேப்தான் உயிர்நாடி. 1925இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் உருவாக்கியது அது. இரட்டை வண்ணக் கார்கள் நாகரிகமாக இருந்த காலம். மறைப்பதற்காக ஒட்டிய காகிதத்தை உரித்தால் அடியில் இருந்த வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். கார் பெயிண்டர்கள் பட்ட அந்த அவதியைப் பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார்.

டேப் ஒட்டுவதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஒரே ஒரு விமானத்தை வைத்துச் சொல்கிறேன்: 1944 ஜூன் மாதத்து பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். அசலின் இறக்கைகள் நுனிக்கு நுனி சுமார் 11 மீட்டர். மாதிரியில் அது 15 செண்டிமீட்டர் சொச்சம்.

அந்த மாதத்து ஸ்பிட்ஃபயர்கள் பலவற்றின் இறக்கையிலும் உடலிலும் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து பட்டைகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1943 ஜூலை 11 இரவு, சிசிலித் தீவில் பாராசூட் வீரர்களை இறக்க 144 அமெரிக்க விமானங்கள் சென்றன. எதிரி விமானங்கள் என்று நினைத்துச் சொந்தக் கப்பல்களும் சொந்தப் பீரங்கிப் படையுமே சுட்டதில் 23 விமானங்கள் வீழ்ந்தன. 1944 ஜூனில் நடந்த நார்மண்டிப் படையெடுப்பில் அது மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகப் பூசப்பட்டவைதான் இந்தப் பட்டைகள். மூன்று வெள்ளை, நடுவே இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம்.

மாதிரியில் அந்த 18 அங்குலம் 6.35 மில்லிமீட்டராகிறது. கடையில் 6 மில்லிமீட்டர் டேப் கிடைக்கும். கால் மில்லிமீட்டர் சொச்சம்தானே, போகட்டும் என்று விட்டால், ஐந்து பட்டை முடியும்போது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் குறைந்திருக்கும். அசலில் அது ஐந்து அங்குலம்! அதனால் அகல டேப்பைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, இரும்பு ஸ்கேலை வைத்துப் புது பிளேடால் வேண்டிய அகலத்துக்கு அறுத்துக்கொள்வதே சரி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. சுருளில் இருக்கும் டேப்பின் ஓரத்தில் தூசி படிந்திருக்கும், சிறு பிசிறுகள் இருக்கும். புதிதாக அறுத்த ஓரம் சுத்தமாக இருக்கும்.

முதலில் பூச வேண்டியது வெள்ளை. கறுப்பின்மேல் வெள்ளை பூசினால் பல பூச்சுகள் தேவைப்படும், வண்ணம் தடித்துவிடும். ஐந்து பட்டைக்கான இடம் முழுவதும் வெள்ளை பூசி, நன்றாகக் காயவிட்டு, வெள்ளையாகவே இருக்க வேண்டிய மூன்று பட்டைகளை டேப்பால் மூட வேண்டும். கறுப்பு அதற்குப் பிறகு. அதுவும் காய்ந்தபின் ஐந்தையும் சேர்த்து மூடிவிட்டு, அடிப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் உரிய வண்ணங்களுக்குப் போகலாம்.

டேப் எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதன் வழியே கறுப்பு கசிந்து உள்ளே போனால் பட்டையின் ஓரம் நைந்துபோகும். இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. டேப் ஒட்டியவுடன் கறுப்பைத் தெளிக்காமல், அடியில் இருக்கும் அதே வெள்ளையை ஓரங்களில் மெல்லத் தெளிக்க வேண்டும். கசிவது வெள்ளையாகவே இருப்பதால் வெள்ளையின்மேல் அது தெரியாது, இடைவெளியையும் அடைத்துவிடும். அதன்மேல் கறுப்பை மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தால் நுழைய வழியே இருக்காது. இந்த ஒரு படியைச் சோம்பலால் விடுகிறவர்கள்தான் பிறகு டேப்பைக் குறை சொல்கிறார்கள்.

உரிக்கும்போது டேப்பை மேலே தூக்கி இழுக்கக் கூடாது. அதன்மேலேயே மடித்து, தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். அடி வண்ணமும் சேர்ந்து வருகிறதென்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் இருந்த எண்ணெய்ப் பசைதான் காரணம். முதலிலேயே சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் அடித்திருந்தால் அந்தத் தொல்லை வராது.

விமானி அறையை மூடும் கண்ணாடிக் கூண்டின் சட்டங்கள் இன்னும் நுணுக்கமானவை. கண்ணாடிமேல் மெல்லிய டேப்பை ஒட்டி, பல்குத்தும் குச்சியால் சட்டத்தின் விளிம்பு தெரியும்வரை அழுத்தி, அந்த விளிம்பை ஒட்டியே பிளேடை ஓட்ட வேண்டும். நடுவில் மிஞ்சும் இடத்தை ரப்பர் பால் போன்ற மறைப்புத் திரவத்தால் நிரப்பலாம். பிறகு முதலில் தெளிக்க வேண்டியது விமானி அறையின் உட்புறப் பச்சை. வெளி வண்ணம் அதன்மேல். அப்போதுதான் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கிறவருக்குச் சட்டத்தின் உட்பக்கமும் சரியான நிறத்தில் தெரியும்.

எல்லா ஓரமும் கத்திபோல் கூராக இருந்தால்தான் நல்ல வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. படையெடுப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, தரைப் பணியாளர்கள் அவசர அவசரமாகத் தூரிகையால் பூசிய பட்டைகள் பல. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் அவை கோணலும் மாணலுமாகவே தெரிகின்றன. உங்கள் விமானத்தின் படத்தில் பட்டை கோணலாக இருந்தால் மாதிரியிலும் கோணலாகவே இருக்கட்டும். உருமறைப்பு வண்ணங்கள் சந்திக்கும் ஓரம் படத்தில் மென்மையாகக் கரைந்தால், அங்கே டேப்பே வேண்டாம். சுவரில் போஸ்டர் ஒட்டும் பிசுபிசுப்பான பசையை மெல்லிய திரியாக உருட்டி வைத்து, நேர் மேலிருந்து தெளித்தால் போதும். திரியின் வளைவுக்கு அடியில் வண்ணம் கொஞ்சம் பரவி ஓரம் கரையும். எப்படிப்பட்ட ஓரம் என்பதை முடிவு செய்ய வேண்டியது அசல் விமானத்தின் படம். நம் கைத்திறனைக் காட்டும் ஆசை அல்ல.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் மாதிரி விமானம் கட்டத் தொடங்கியிருந்தால், அதன்மேல் வண்ணம் பூசும் முன் சில பிளாஸ்டிக் ஸ்பூன்களை வாங்கிக் கொடுங்கள். ஸ்பூனின் குழிவும் வளைவும் விமான உடலைப் போலவே டேப்புக்குச் சவால் விடும். வெள்ளை, அதன்மேல் டேப், டேப்பின் ஓரத்தில் மறுபடி வெள்ளை, பிறகு கறுப்பு என்று அந்த ஸ்பூன்களில் பழகச் சொல்லுங்கள். ஓரம் சுத்தமாக வந்தபின் விமானத்தைக் கையில் எடுக்கட்டும்.