ஸலமான்காவில் ஒரு சமையல்கட்டு



பனியன் கம்பெனிக்காரனுக்கு ஸ்பானிஷ் எதுக்கப்பா என்று அப்போதே கேட்டார்கள். ஜாரா பிறந்த நாடு அது. ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்பி ரேட் பேச எனக்கு மனசில்லை. 1999-ல் ஸலமான்காவுக்குப் போனேன். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். தங்கியது கணவரை இழந்த ஒரு அம்மாவின் வீட்டில்.

வகுப்பில் இலக்கணம். பேச்சு வந்ததென்னவோ அந்த அம்மாவின் சமையல்கட்டில்தான். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு! முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட 'தோர்தீயா'வைத் திருப்பிக்கொண்டே என் வினைச்சொல்லைத் திருத்துவார். மேசைக்கு 'மேசா', பொத்தானுக்கு 'போத்தோன்'. போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுப்போன சொற்களின் பங்காளிகள். சட்டைக் கைக்கு 'மங்கா' என்றதும் சிரித்துவிட்டேன். நான் மரியாதையாக 'உஸ்தேத்' என்றால், "வேண்டாம், 'தூ' என்றே சொல்லு" என்பார். வயதானவரை நீ என்பதா? கொங்கு நாட்டு நாக்கு ஆயிற்றே! மூன்றாம் வாரம்தான் வந்தது.

இப்போது என் கம்பெனியில் ஒடிசா, பீகார் பையன்கள் தைக்கிறார்கள். ஹாஸ்டலில் அவர்களுக்குள்ளேயே பேச்சு. தெரிந்த தமிழ் "சீக்கிரம்", "சம்பளம்", "நாளைக்கு". ஒருவன் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தான். அதன்பிறகுதான் ஒரு ஒடியா தம்பதிக்கு எங்கள் மாடி அறையைக் கொடுத்தோம். என் மனைவியும் அந்தப் பெண்ணும் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவார்கள். இப்போது அவள் என்னையே "சாப்பிட்டீங்களாங்க" என்கிறாள்.

உங்களில் பலர் வீட்டிலும் மாடி காலியாகத்தான் கிடக்கிறது. யோசிப்பவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பாருங்கள்.