கருவிலுள்ள குழந்தையும் நாம் மூட்டும் புகையும்



தாயின் வயிற்றிலிருக்குங் குழந்தைக்குத் தனி மூச்சில்லை. தாய் இழுக்கும் மூச்சே அதற்கும் மூச்சு. கர்ப்பவதி எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்று நம் வீடுகளிலே பெரியோர் எத்தனையோ புத்திமதி சொல்வர். அவள் எந்தக் காற்றைச் சுவாசிக்கின்றாள் என்று நாம் கேட்பதுண்டா?

சீன தேசத்துப் பெய்ஜிங் நகரில் 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. புகை சூழ்ந்த அந்நகரைத் தூய்மையாக்க அரசாங்கத்தார் தொழிற்சாலைகள் பலவற்றை நிறுத்தினர். மோட்டார் வண்டிகளை ஒருநாள் விட்டு ஒருநாளே ஓட அனுமதித்தனர். விழா முடிந்தபின் பழைய புகை திரும்பிற்று. ஆராய்ச்சியாளர் அந்நகரில் நிறைமாதத்திற் பிறந்த 80,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் பிறப்புக் கணக்கை ஆராய்ந்தனர். தாயின் எட்டாம் மாதம் அத்தூய காற்றிலே கழிந்த குழந்தைகள், 2007, 2009ஆம் ஆண்டுகளில் அதே நாட்களைக் கருவிற் கழித்த குழந்தைகளிலும் சராசரி 23 கிராம் கூடிய நிறையுடன் பிறந்திருந்தன. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

23 கிராம் ஒரு பிடி அரிசிக்கும் காணாதே என்று சிலர் எண்ணலாம். ஒரு குழந்தைக்கு அது சிறிதுதான். ஆனால் சில வாரத் தூய காற்றுக்கே இத்தனை பலன் உண்டாயின், ஒன்பது மாதப் புகை என்ன செய்யும்?

புகையிலுள்ள நுண்துகள்கள் தலைமயிரின் தடிப்பில் முப்பதிலொரு பங்களவே ஆனவை. அவற்றுள் மிகச் சிறியவை சுவாசப்பையைக் கடந்து இரத்தத்திற் கலக்கின்றன. பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர், சூல்வித்தகத்திற் குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகள்கள் இருப்பதை 2019இல் வெளியிட்டனர். மாசடைந்த காற்றைச் சுவாசிக்குந் தாய்மாரிடையே நிறைகுறைந்த பிறப்பும் குறைமாதப் பிறப்பும் கூடுகின்றன என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளிற் கண்ட உண்மை.

பெய்ஜிங் தூரத்திலிருக்கலாம், புகை தூரத்திலில்லை. நம் குசினிகளில் விறகடுப்பு எரிகின்றது. ஈரவிறகை ஊதி ஊதிக் கண் கலங்குபவள் பெரும்பாலும் வீட்டு மருமகளே. இன்னொன்றையும் வெட்கத்துடன் சொல்ல வேண்டும். சென்ற சிரமதானம் முடிந்ததும் சருகையும் பிளாஸ்ரிக்கையும் ஒன்றாய்க் குவித்துத் தீ மூட்டியவர்கள் நாமே. அயல்வீட்டிற் பிள்ளைத்தாய்ச்சியான ஒரு சகோதரி யன்னலைச் சாத்தியதைக் கண்டோம். கண்டும், ஏனென்று எண்ணினோமில்லை. தொண்டு செய்தோமென்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

இளைஞர்களே, இனி நமது சிரமதானத்துக்கு நெருப்புப்பெட்டி வேண்டாம். சருகைக் கிடங்கு வெட்டித் தாழ்ப்போம், அது பசளையாகும். பிளாஸ்ரிக்கை எரியாது வேறாகச் சேர்ப்போம். பெரியோர்களே, விறகை நன்கு காயவைத்து எரிப்பியுங்கள். குசினிக்குப் புகைபோக்கி வையுங்கள். வயிற்றிற் பிள்ளையுடன் நிற்பவளை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டு, மற்றவர்கள் அந்த வேலையைப் பொறுப்பேற்கட்டும்.

பிறவாத குழந்தைக்கு யன்னலைச் சாத்தக் கையில்லை. அதற்காகச் சாத்தவேண்டியது நம் கடமை. அதனினும் மேலானது, புகையை மூட்டாதிருப்பது.