பிரிவுக்கு ஓர் எல்லை: தரவுத்தளப் பணியும் இல்லறமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பொருள் தேடப் பிரிந்து செல்லும் தலைவனைத் தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுகளாக அறியும். அவன் நடக்கும் வழி வெம்மையானது. போவதா, நிற்பதா என்று அவன் நெஞ்சு அவனோடு வழக்காடும். வீட்டில் இருப்பவள் சுவரில் கோடிட்டு நாளை எண்ணுவாள். கார்காலம் வரும், தேர் திரும்பும். இப்பிரிவின் துயரைப் பாடாத புலவர் இல்லை. ஆயின், அத்துயருக்கு இலக்கணம் ஓர் எல்லை வகுத்திருந்தது என்பதை நினைப்போர் சிலரே. கல்விக்காகப் பிரிவது மூன்று ஆண்டைக் கடத்தலாகாது. வேந்தன் பணிக்காகப் பிரிவது ஓராண்டுக்குள் முடிய வேண்டும். ஏனைப் பிரிவுகளுக்கும் அவ்வரையறையே என்று கற்பியலில் தொல்காப்பியர் விதித்தார். பொருள் வேண்டும், அதற்காகப் பிரிதலும் வேண்டும், ஆனால் அப்பிரிவு முடிதலும் வேண்டும். இல்லறத்துக்கு இலக்கணம் அளித்த காவல் இது.

இன்றைய தலைவன் கடக்கும் பாலையில் மணல் இல்லை. தரவுத்தள நிருவாகி என்பது அவருடைய பதவிப் பெயர். வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு ஆகியவையெல்லாம் இன்று தரவுத்தளங்களில் உறைகின்றன. அவை இரவும் பகலும் இயங்க வேண்டும்; நாள்தோறும் படியெடுத்துக் காக்கப்பட வேண்டும்; ஒரு வரியும் தொலைதல் கூடாது. இப்பொறுப்பை ஏற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவர் பெயரை எவரும் கேட்பதில்லை. ஏதேனும் நின்றுவிட்டால் முதலில் தேடப்படுபவர் அவரே.

இத்தொழிலில் பெரிய மாற்றங்களை மக்கள் உறங்கும் நேரத்தில் செய்வதே வழக்கம். அமெரிக்க நிறுவனம் ஒன்று சனிக்கிழமை நள்ளிரவைத் தேர்ந்தெடுக்கிறது என்று கொள்வோர், சென்னையின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் அந்த நள்ளிரவு பிறக்கும்போது சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே கோடையாயின் இங்கே மணி 9.30, குளிர்காலமாயின் 10.30. அங்கே எவர்க்கும் இடையூறில்லாத அந்த வேளை, இங்கே பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டி நிற்கும் வேளை. இதனோடு, இரவு அழைப்புக்குக் காத்திருக்கும் முறைப்பணியும் வாரக் கணக்கில் வந்து சேர்கிறது. அழைப்பு வாராத இரவிலும், வரக்கூடும் என்னும் எண்ணமே உறக்கத்தைக் கலைக்கிறது.

முன்பு புதிய அமைப்பொன்றை நிறுவுவதற்காக மாதக் கணக்கில் வெளியூரில் தங்கினர். இன்று அப்பணியின் பெரும்பகுதியைத் தொலைவிலிருந்தே செய்ய இயலுகிறது. பயணம் குறைந்தது, பிரிவு குறையவில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார். அறைக் கதவு சாத்தியிருக்கிறது. சங்கத் தலைவிக்கு எண்ணுவதற்கு நாள் இருந்தது. கதவுக்கு வெளியே நிற்கும் குழந்தைக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. இப்பணியைச் செய்யும் பெண்களின் நிலை இன்னும் கடினம். பணி முடிந்து அவர் கதவைத் திறக்கும்போது அடுப்படியும் அவருக்காகவே காத்திருக்கிறது.

இத்துறையின் அடிப்படைக் கோட்பாடு ஒன்று இங்கே எண்ணத்தக்கது. ஒருவர் கணக்கிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து மற்றொருவர் கணக்கில் சேர்க்க வேண்டும். எடுத்தல் நிகழ்ந்து, சேர்த்தல் நிகழுமுன் மின்சாரம் நின்றுவிட்டால் பணம் எங்கே போகும்? முழுச் செயலும் நிறைவேற வேண்டும். இல்லையேல் எதுவுமே நடவாததுபோல் கணக்கு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இடைநிலை இருத்தலாகாது. 'பரிவர்த்தனை' என்னும் இந்நெறிக்குத் தெளிவான வடிவம் தந்தோருள் முதன்மையானவர் ஜிம் கிரே. 1944இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து, பெர்க்லியில் பயின்று, ஐ.பி.எம்., டாண்டம், டிஜிட்டல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களில் உழைத்தவர். கணிப்பொறியியலின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் விருதை 1998இல் பெற்றவர். தொடங்கிய செயலுக்கு ஒரு முடிவு உண்டு என்பதே அவர் கோட்பாட்டின் உயிர். முடிவில்லாமல் திறந்து கிடக்கும் பரிவர்த்தனை, தான் பற்றிய பொருளை விடுவதில்லை. பிறரையும் காக்க வைக்கிறது. தரவுத்தளம் காப்பவர் எவரும் இதனை அறிவர். தம் இல்லத்தில் இதனைக் காண்போர் எத்தனை பேர்?

கணிப்பொறிகள் ஏன் நின்றுபோகின்றன என்னும் வினாவை எழுப்பி, 1985இல் கிரே ஓர் அறிக்கை எழுதினார். பழுதுபட்டாலும் நில்லாதவாறு இரட்டை உறுப்புகளோடு அமைந்த டாண்டம் பொறிகளின் தடங்கல்களை அவர் வகைப்படுத்தினார். வன்பொருளால் விளைந்தவை 18 விழுக்காடு, மென்பொருளால் 25, மின்தடை முதலிய சுற்றுச்சூழல் காரணங்களால் 14. இயக்குதல், பராமரித்தல், அமைத்தல் என மனிதர் கைபட்ட நிருவாகப் பணிகளால் விளைந்தவையோ 42 விழுக்காடு. பொறிக்கு இரட்டை உறுப்பு வைத்தாயிற்று. அதனைக் காக்கும் மனிதருக்கு என்ன வைத்தாயிற்று? இரண்டு இரவு உறங்காத கை தவறான கட்டளையை அழுத்துவதற்கு ஒரு நொடி போதும்.

உடலுக்குப் படியெடுத்து வைக்கும் வழி இல்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால் சிரைகளில் குருதி உறையும் இடர் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது 2007இல் வெளியான முடிவு. தனிப்பட்ட ஒருவர்க்கு அது சிறிய இடரே. ஆண்டில் பலமுறை பறப்பவர்க்கு அது கூடிக்கொண்டே போகும். இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மீண்டும் ஆய்ந்து அம்முடிவையே நிலைநிறுத்தியது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். பொருளீட்டுவோர் இதன் இயைபை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி என்ன? வேலையையும் வீட்டையும் தராசில் இட்டு நேர் நிறுத்துவது எவராலும் ஆகாது. சில வாரங்களில் வேலை தாழும். சில வாரங்களில் வீடு தாழும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் குறிக்க இயலும். ஞாயிறு காலை பணிக்குப் போகுமாயின், அது எத்தனை மணிக்கு முடியும் என்பதை வீட்டில் சொல்லலாம். அதற்கு ஈடாகப் பிள்ளைகளுக்குரிய நாள் எது என்பதை நாட்காட்டியில் அப்போதே குறிக்கலாம். தம் தலையில் மட்டும் இருக்கும் பணி நுணுக்கங்களை எழுதி வைத்து, மற்றொருவரைப் பழக்கலாம். தாம் இன்றி எதுவும் நடவாது என்பது பெருமைபோல் தோன்றும். உண்மையில் அஃது ஒரு விலங்கு. இத்தொழிலில் அனுபவம் மிக்கோர், மீட்டுப் பார்க்காத படி படியே அன்று என்பர். விடுப்பும் அத்தகையதே. அழைப்பு வாராத ஒரு வாரத்தை எடுத்துப் பார்த்த பின்னரே தமக்கு விடுப்பு உண்டு என ஒருவர் சொல்லலாம்.

நிறுவனங்களுக்கும் இதில் கடன் உண்டு. இரவு முழுதும் விழித்தவரை மறுநாள் காலைக் கூட்டத்துக்கு அழைக்கும் மேலாளர், தம் தரவுத்தளத்தையே இடருக்கு உள்ளாக்குகிறார். 1995இல் மைக்ரோசாஃப்டில் கிரே சேர்ந்தபோது, அந்நிறுவனத்தின் தலைமையிடம் இருந்த வட பகுதிக்குக் குடிபெயர அவர் விரும்பவில்லை. அவர் வாழ்ந்த சான்பிரான்சிஸ்கோவிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. இப்பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், மனிதரின் இடத்துக்குப் பணி வரவும் கூடும் என்பதற்கு அது சான்று.

அந்நகரை ஒட்டிய கடலில் பாய்மரப் படகு செலுத்துவது கிரேயின் விருப்பம். 2007 சனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. மறைந்த தம் அன்னையின் சாம்பலைக் கடலில் தூவுவதற்காக, ஃபாரலான் தீவுகளை நோக்கி அவர் தனியே புறப்பட்டார். திரும்பவில்லை. கடலோரக் காவற்படை நான்கு நாள் தேடியது. அவரோடு பணியாற்றிய நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பெற்றுச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து வழங்க, முகம் அறியாத ஆயிரக்கணக்கானோர் தத்தம் கணிப்பொறியில் அவற்றை உற்று நோக்கினர். ஒரு பலகையும் கிடைக்கவில்லை. 2012இல்தான் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார். எந்தச் செயலும் பாதியில் நிற்றல் கூடாது என்று உலகுக்குக் கற்பித்தவரின் வீட்டார், முடிந்ததென்றும் சொல்லவியலாமல், முடியவில்லையென்றும் சொல்லவியலாமல் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தனர்.

கடலுக்கு எல்லை வகுக்க எவராலும் இயலாது. அத்தகைய பிரிவு வரும்போது வரும். ஆனால் சாத்திய அறைக் கதவு கடல் அன்று. அதனைச் சாத்தியவரே திறக்கலாம். எப்போது திறப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லவும் சொல்லலாம். தொல்காப்பியர் ஓராண்டு என்று விதித்த இடத்தில், இன்றைய குடும்பம் கேட்பது ஒரு மாலைப் பொழுதையே.

கவிஞர் பெருமக்களே! பழம் பாலையைப் பாடியவர்கள் வழியின் வெம்மையை மட்டும் பாடவில்லை; நாளை எண்ணிய விரலையும் பாடினார்கள். கதவுக்கு வெளியே செருப்பு மாட்டி நிற்கும் அந்தக் குழந்தை, தன்னைப் பாடுவோருக்காகக் காத்திருக்கிறது.